வீட்டின் அளவும் வீட்டின் இடமும்

குடும்பம் பெருகுங்கால் நம்மவரை எதிர்ப்படும் வினா ஒன்றுண்டு. வீடு பெரிதாய் இருத்தல் வேண்டுமா, அன்றி நல்ல இடத்தில் இருத்தல் வேண்டுமா என்பதே அது. கையிலுள்ள பொருளும் வாங்கத்தக்க கடனும் ஓர் எல்லைக்கு உட்பட்டவை. ஆதலின் இரண்டையும் ஒருங்கே அடைவார் சிலரே. ஈப்போவில் சிறிய வீடா, சுங்கை சிப்புட்டில் பெரிய வீடா என்று கணவனும் மனைவியும் இரவு முழுதும் கணக்குப் பார்க்கும் இல்லங்கள் பேராக் மாநிலத்தில் பல. இவ்வினாவை இன்றைய விலைப்பட்டியலைக் கொண்டு மட்டும் ஆராய்வது போதாது. நம் மக்கள் இம்மண்ணில் நூறாண்டுக்கு மேலாக எவ்வாறு குடியிருந்தனர் என்று நோக்கின், விடையின் பெரும் பகுதி ஆங்கே கிடைக்கும்.

1877-ஆம் ஆண்டில் இரப்பர்க் கன்றுகள் சில கோலகங்சாரில் நடப்பெற்றன. அப்போது பேராக்கில் ரெசிடெண்டாக இருந்தவர் ஹியூ லோ என்னும் ஆங்கிலேயர். பின்னைய பல்லாண்டுகளில் காடுகள் பால்மரத் தோட்டங்களாயின; கங்காணிமார் தமிழ்நாட்டில் திரட்டிய மக்கள் அவற்றில் வந்து குடியேறினர். வீடு தேடும் கவலை அவர்கட்கு இருந்ததில்லை. தேர்ந்துகொள்ளும் உரிமையும் இருந்ததில்லை. தோட்டத்தார் கட்டிய லயமே வீடு. நீண்ட கூரை ஒன்றின்கீழ் வரிசையாய் அறைகள். முன்னே ‘அஞ்சடி’ என நம்மவர் அழைக்கும் தாழ்வாரம். தனியே வந்த ஆடவரை எண்ணி வகுத்த சிற்றறைகளிலே, பின்னாளில் தாயும் தந்தையும் மக்கள் ஐவர் அறுவரும் வாழ்ந்தனர். வயது வந்த பெண்ணுக்குப் பழஞ்சேலைத் திரையே சுவர். மூத்த மகனுக்கு அஞ்சடியே படுக்கையறை. மகனுக்கு மணமாயின் பின்புறத்தில் பலகையும் தகரமும் கொண்டு ஒரு சார்ப்பு எழும்பும்.

அளவில் இத்துணை இழிந்த அவ்வீட்டிற்கு இடத்தில் ஒரு நன்மை இருந்ததை மறைத்தல் நேர்மையன்று. பெரட்டுக்களம், ஆயாக் கொட்டகை, கோயில், பள்ளிக்கூடம் யாவும் நடந்து செல்லும் தொலைவில் இருந்தன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பதின்மர் இருக்கும் தோட்டம் பள்ளி வைத்தல் வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிற் சட்டம் விதித்தது. விடியுமுன் பால்வெட்டச் செல்லும் தாய், கைக்குழந்தையை ஆயாவிடம் விட்டு, மூத்த பிள்ளையை அண்டை வீட்டார் பார்வையில் விட்டுச் செல்ல இயன்றது அந்த அண்மையால் அன்றோ?

எனினும் அவ்விடத்தை அமைத்தது யார் பொருட்டு? முதற்கண் தோட்டத்தின் பொருட்டே. வேலையாள் பெரட்டுக்கு நேரத்தில் வர வேண்டும். அதற்கே லயம் அருகில் நின்றது. சாதி பார்த்து லயம் பிரித்த கொடுமையும் அங்கே இருந்தது. வேலை போயின் வீடும் போயிற்று. அளவும் நம்முடையதன்று, இடமும் நம்முடையதன்று.

பெரிய வீட்டின் கதை ஒன்றையும் இங்கே நினைத்தல் தகும். பத்து காஜாவுக்கு அருகே, கிந்தா கெல்லாஸ் தோட்டத்தின் உரிமையாளர் வில்லியம் கெல்லி சுமித், 1915-இல் மகன் பிறந்தபின், வளரும் குடும்பத்திற்கென ஒரு மாளிகை எழுப்பத் தொடங்கினார். தமிழகத்தினின்று தொழிலாளரும் வந்து அதில் உழைத்தனர். கொள்ளைக் காய்ச்சல் அவர்களுள் பலரைக் கொண்டுபோயிற்று. துரையும் 1926-இல் லிஸ்பன் நகரில் இறந்தார். மாளிகை முற்றுப்பெறவில்லை, அவருடைய குடும்பம் நாடு திரும்பிற்று. இன்று அதனைச் சுற்றுலாப் பயணிகள் கண்டு செல்கின்றனர். அறைகள் பல இருந்தும், குடும்பம் ஒன்று அதில் நிலைத்து வாழவில்லை.

நிற்க. 1948-ஆம் ஆண்டு சூன் 16-இல் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் ஐரோப்பியர் மூவர் கொல்லப்பட்டனர். நாட்டில் அவசரகாலம் பிறந்தது. 1950-இல் வகுத்த பிரிக்ஸ் திட்டத்தின்படி, காட்டோரங்களில் வாழ்ந்தோர் முள்வேலியிட்ட புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். தோட்டங்களிலும் சிதறிக்கிடந்த லயங்கள் வேலிக்குள் ஒருங்கு சேர்க்கப்பட்டன. இம்முறை இடத்தைத் தேர்ந்தது அரசாங்கம்.

அடுத்து வந்தது தோட்டத் துண்டாடல். ஐரோப்பியக் கும்பினிகள் தோட்டங்களை விற்க, வாங்கியோர் அவற்றைக் கூறுகூறாக்கி விற்றனர். லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தோர் ஒரு நாளில் வீடற்றவராயினர். இதனைக் கண்டு, சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டந்தோறும் சென்று தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டி, தோட்டங்களையே வாங்கினார். தமக்கென ஒரு சிறு வீட்டையும் வாங்க இயலாத மக்கள், சேர்ந்து நின்று ஒரு தோட்டத்தை வாங்கினர் என்பது நம் வரலாற்றின் அரிய ஏடாகும்.

தோட்டத்தை விட்டு வெளியேறியோர் பலர் நகரோரங்களை நாடினர். ஈப்போவில் புந்தோங் இதற்குச் சான்று. அங்கே கச்சான் வறுத்து விற்கும் தமிழ்க் குடும்பங்கள் புகழ்பெற்றவை. அவர்கட்கு வீடு உறங்குமிடம் மட்டுமன்று. கடலை வறுக்கும் தொழிற்கூடமுமாம். ஆதலின் அடுப்புக்கும் மூட்டைக்கும் இடம் வேண்டும். விற்பதற்கு நகரமும் அருகில் வேண்டும். அளவும் இடமும் ஒன்றையொன்று பகைப்பன அல்ல, தொழிலே இரண்டையும் அளக்கும் கோல் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

1980-களில் அரசாங்கம் மலிவு விலை வீட்டுக்கு 25,000 வெள்ளி என்று விலை வரையறுத்தது. 1998-இல் அவ்விலை, நிலத்தின் மதிப்புக்கேற்ப 25,000 முதல் 42,000 வெள்ளி வரை எனத் திருத்தப்பட்டது. இதன் பொருள் யாது? ஒரே தரத்து வீட்டிற்கே இடத்தைப் பொறுத்து வெவ்வேறு விலை. இடத்துக்கும் விலையுண்டு என்பதை அரசாங்கமே எழுதி வைத்தது.

இனி நாம் செய்யத்தக்கது யாது? சுங்கை சிப்புட்டுக்கும் ஈப்போவுக்கும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். போக்கும் வரவும் நாளொன்றுக்கு ஒன்றரை மணி எனக் கொள்ளின், மாதம் 25 வேலை நாளில் முப்பத்தேழரை மணி வழியிலே கழியும். அது பிள்ளையின் பாடத்தைக் கேட்கும் நேரம். மனைவிக்கு அடுப்படியில் துணைநிற்கும் நேரம். எரிபொருட் செலவு இதனின் வேறு. ஆனால், நல்ல இடம் என்றால் நகரம் என்று மயங்குதல் கூடாது. வேலை சுங்கை சிப்புட்டிலேயே இருக்க, பிள்ளைகள் சம்பந்தனார் முயற்சியால் 1954-இல் எழுந்த மகாத்மா காந்தி கலாசாலையில் படிப்பின், அக்குடும்பத்திற்கு நல்ல இடம் சுங்கை சிப்புட்டே.

அளவையும் புறக்கணித்தல் ஆகாது. பழஞ்சேலைத் திரைக்குப் பின்னே வளர்ந்த பெண்களின் வரலாறு நமக்குண்டு. பெண்மக்களுக்கு ஓர் அறை, ஆண்மக்களுக்கு ஓர் அறை, பெற்றோர்க்கு ஓர் அறை, முதியோர் உளராயின் அவர்க்கு மாடிப்படி ஏறாத ஒரு மூலை: இவை ஆடம்பரம் அல்ல, மானத்தின் தேவை. இந்தக் குறைந்த அளவை முதலில் உறுதி செய்க. அதற்கு மேல் எஞ்சும் வெள்ளியை விருந்தினர் கூடத்திற்கும் வாயில் அலங்காரத்திற்கும் செலவிடாது, பள்ளிக்கும் வேலைக்கும் மருத்துவமனைக்கும் அண்மையான இடத்திற்குச் செலவிடுக. குறைந்த அளவுக்குரிய அறைகள் அமைந்த வீட்டிற்குப் பின்னாளில் ஒரு சார்ப்பு இறக்கலாம். தொலைவிலுள்ள வீட்டை அருகில் இழுத்து வைத்தல் எவர்க்கும் இயலாது.

முடிவாக ஒன்று. எந்த வீட்டை வாங்கினும், அதனைத் தேர்வதில் மனைவியின் சொல்லுக்குச் சம இடம் தருக. பட்டாவில் அவள் பெயரும் ஏறுக. நம் பாட்டன்மார்க்குத் துரையும் சர்க்காரும் இடம் தேர்ந்தனர். தேரும் உரிமை இன்று நம் கைக்கு வந்துள்ளது. அதனைக் குடும்பத்தார் அனைவரும் கூடியிருந்து ஆண்டுகொள்ளல் வேண்டும்.