புகையிரதமா, பேருந்தா? – தன்னாமுனையிலிருந்து கடல்கடந்த வழிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, ஏறாவூருக்குச் செல்லும் வழியில், வாவியை ஒட்டி அமைந்துள்ள ஊர் தன்னாமுனை. நெடுஞ்சாலை ஊரை ஊடறுத்துச் செல்கின்றது. அருகேயுள்ள பெரிய புகையிரத நிலையங்கள் மட்டக்களப்பும் ஏறாவூருமாகும். தமிழகம் செல்லப் புறப்பட்ட ஒருவர் புகையிரதத்தில் ஏறுவதா, பேருந்தில் ஏறுவதா என்பது ஒரு காலத்தில் இவ்வூரிலும் எழுந்திருக்கக்கூடிய வினாவே. வசதியும் கட்டணமும் பற்றிய சிறு வினாவாக அது தோன்றலாம். எனினும் அவ்வழிகளை அமைத்தவர் யார், எதற்காக அமைத்தனர், யாருக்கு அவை அடைபட்டன என ஆராயுமிடத்து, கீழ்மாகாணத்தின் அண்மைக்கால வரலாற்றின் பெரும்பகுதி அதனுள் அடங்கியிருத்தல் புலனாகும்.

புகையிரதம் வருமுன்னர் இப்பகுதியின் பயணம் நீரோடு பிணைந்திருந்தது. எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே தோணியே துணை. துறைகளில் மக்களையும் வண்டிகளையும் கடத்தும் மிதவையை மட்டக்களப்பார் இன்றும் ‘பாதை’ என்றே வழங்குவர். நிலத்திற் கிடக்கும் வழிக்கும் நீரில் மிதக்கும் கலத்துக்கும் ஒரு சொல்லே அமைந்தமை, இந்நாட்டவர் வழியை எவ்வாறு கருதினர் என்பதற்குச் சான்றாகும். 1924இல் கல்லடிப் பாலம் திறக்கப்பட்டதோடு நகரின் தென்பாற் போக்குவரத்து மாறத் தொடங்கிற்று. வடக்கே திருகோணமலை செல்லும் கரையோர வழியோ பனிச்சங்கேணி, வெருகல், கிண்ணியா முதலிய துறைகளால் துண்டுபட்டே கிடந்தது.

1928இல் மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்தது. அது கரையோரமாக வரவில்லை என்பது கருதத்தக்கது. மாகோவில் வடபாதையினின்றும் பிரிந்து, கல்லோயாச் சந்தியில் திருகோணமலைக் கிளையை விடுத்து, பொலன்னறுவை, மன்னம்பிட்டி, புனானை வழியாகக் காடு கடந்து அது வாழைச்சேனையை அடைகின்றது. புனானைப் பகுதியில் பலரைக் கொன்ற சிறுத்தை 1924இல் சுடப்பட்டமை பலரும் அறிந்ததே. அக்காடு எத்தகையது என்பதை அதனாலும் உணரலாம். துறைமுகத்தையும் வாவிக்கரை நகரையும் கொழும்புடன் பிணைப்பதே ஆட்சியாளரின் நோக்கமாயிருந்தது. கரையோர ஊர்களை ஒன்றோடொன்று இணைப்பது அவர்தம் கருத்தன்று. எனவே கரைவழியே ஏறத்தாழ 130 கிலோமீற்றர் தொலைவிலுள்ள திருகோணமலைக்குப் புகையிரதத்திற் செல்பவர் கல்லோயா வரை மேற்கே சென்று, மீண்டும் கிழக்கே திரும்பி, 200 கிலோமீற்றருக்கு அண்மையான தூரத்தைக் கடக்க வேண்டியதாயிற்று.

தமிழகப் பயணத்தின் நிலை வேறு. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதன் பின், சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்குப் புகையிரதம், அங்கிருந்து தலைமன்னாருக்கு ஏறத்தாழ 22 மைல் கப்பல், அப்பால் கொழும்புக்கு மீண்டும் புகையிரதம் என்ற ஒழுங்கு நிலைபெற்றது. ‘போட் மெயில்’ என வழங்கியது இதுவே. இலங்கையின் இருப்புப்பாதை ஐந்தடி ஆறங்குல அகலமுடையது. தனுஷ்கோடி சென்றதோ மீற்றர் அளவுப் பாதை. ஆகவே கடலின்மேற் பாலமே அமைந்திருப்பினும் ஒரே வண்டி இருகரையும் ஓடியிராது. பயணி இறங்கி ஏறியே ஆகவேண்டும்.

மட்டக்களப்பிலிருந்து இவ்வழியை அடைய விரும்பியவர் முன் இரு தெரிவுகள் இருந்தன. புகையிரதத்திற் சென்றால் தென்மேற்கே மாகோ வரை போய், வண்டி மாறி, மீண்டும் வடக்கே அனுராதபுரம், மதவாச்சி வழியாகத் தலைமன்னார் செல்லவேண்டும். வீதியோ ஹபரணையிலிருந்து நேரே அனுராதபுரத்தை நோக்குவது. முக்கோணத்தின் இரு பக்கங்களைப் புகையிரதம் சுற்ற, பேருந்து மூன்றாம் பக்கத்தாற் செல்லும் எனலாம். தூரம் குறைவெனினும், மூட்டை முடிச்சுகளுடனும் முதியோருடனும் செல்பவருக்குப் புகையிரதமே ஏற்றதாயிருந்தது. இரவைப் படுத்துக் கழிக்கலாம். கப்பல் நேரத்துக்கு இசைய வண்டியும் ஓடிற்று. 1958 ஜனவரி 1இல் பேருந்துச் சேவை தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றிய பின்னரே, சிற்றூர்களின் வாயிலிலும் நின்று ஆளேற்றும் பேருந்து புகையிரதத்துக்கு ஒரு மாற்றாக வளர்ந்தது. தன்னாமுனை போன்ற நெடுஞ்சாலை ஊருக்கு இது சிறிய நன்மையன்று.

இவ்வழியாற் கடந்தவை பயணிகள் மட்டுமல்ல. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானபோது, மட்டக்களப்புப் பாதை அமைந்து மூன்றாண்டுகளே கழிந்திருந்தன. நூல்களும் இதழ்களும் கலைஞரும் இருகரைக்குமிடையே இயங்கிய காலம் அது. கடல் அன்று எல்லையாக இருந்ததினும் துறையாக இருந்ததே மிகுதி.

1948ஆம் ஆண்டின் குடிவரவு, குடியகல்வுச் சட்டத்தின்பின் இந்நிலை மாறிற்று. கடவுச்சீட்டும் அனுமதியும் பயணச்சீட்டினும் முதன்மை பெற்றன. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழருள் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. பிறந்த மண்ணை விட்டு அவர்களுட் பலர் சென்றதும் இதே தலைமன்னார் வழியாலேயே. எந்த வண்டியில் ஏறுவது என்ற தெரிவு நமக்கு உரியதாயிருந்த காலத்தில், ஏறுவதா என்ற தெரிவே அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. ஒரு வழியின் வரலாற்றை விரும்பிச் சென்றோரின் நினைவைக்கொண்டு மாத்திரம் எழுதுதல் பொருந்தாது.

அவ்வாண்டு டிசம்பர் 22 இரவு வீசிய சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. அங்கு சென்றுகொண்டிருந்த புகையிரதமும் பயணிகளோடு கடலுள் மறைந்தது. அதன்பின் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடி, 1980களின் முற்பகுதியிற் போர்ச் சூழலில் நின்றது. தலைமன்னார்ப் புகையிரதமும் 1990இல் தடைப்பட்டது.

நம் ஊர்ப்புற வழிகளும் தப்பவில்லை. 1990 ஓகஸ்டில் ஏறாவூரில் முஸ்லிம் மக்களும், செப்டம்பரிற் சத்துருக்கொண்டானில் தமிழ் மக்களும் படுகொலையுண்டனர். தன்னாமுனைக்கு வடக்கிலும் தெற்கிலும் ஒரே வீதியில் உள்ள ஊர்கள் இவை. பேருந்து செல்லும் சில மைல் தூரமே கடத்தற்கரிய எல்லையாயிற்று. அந்நாளிற் பயணி வினவியது எது விரைவானது என்பதன்று. எதிற் சென்றால் உயிரோடு திரும்பலாம் என்பதே. மட்டக்களப்பு நோக்கிய வண்டிகள் நெடுங்காலம் இடைவழியிலேயே நின்று, 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கையின் பின்னரே மீண்டும் வந்தன. வெருகல் வழியான கரையோர வீதி அடைபட்ட காலங்களில், திருகோணமலை செல்லும் பேருந்தும் புகையிரதம் போலவே உள்நாட்டைச் சுற்றிச் சென்றது.

போர் ஓய்ந்தபின் பாலங்கள் எழுந்தன. புகையிரதமும் ஏனைய வாகனங்களும் ஒன்றையொன்று காத்துநின்று கடந்த மன்னம்பிட்டிப் பாலத்தருகே 2007இல் தனி வீதிப்பாலம் அமைந்தது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. ஏனைய துறைகளிலும் பாலங்கள் தொடர, ‘பாதை’கள் அகன்றன. 2015 மார்ச்சில் தலைமன்னாருக்குப் புகையிரதம் மீண்டது. ஆயின் இறங்குதுறையிற் கப்பல் காத்திருக்கவில்லை. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கி, இடையீடுகளுடன் நடைபெற்று வந்துள்ளது.

மேற்கூறியவற்றால் பெறப்படுவது யாது? புகையிரதம் தலைநகரின் தேவையால் அமைந்த வழி; பேருந்து ஊர்களின் தேவையால் வளர்ந்த வழி. முன்னது ஊரைக் கடந்து செல்லும். பின்னது ஊரில் நின்று செல்லும். தூரப் பயணத்துக்கு முன்னதையும், அயலூர் உறவுக்குப் பின்னதையும் நம் முன்னோர் தேர்ந்தமை பொருத்தமே. ஆயினும் தேர்வதற்கு இரு வழிகள் திறந்திருத்தலே ஒரு சமுதாயத்தின் அமைதிக்கு அடையாளம். தன்னாமுனைச் சந்தியில் நின்று, ஏறாவூர்ப் பேருந்தையோ மட்டக்களப்புப் பேருந்தையோ அச்சமின்றிக் கைகாட்டி நிறுத்த முடிகின்ற இன்றைய நிலை எளிதிற் கிடைத்ததன்று. அதனைப் பேணுதல், அவ்வீதியிற் செல்லும் அனைவரதும் கடனாகும்.