ரந்தெனிவெலைச் செய்தி: ஒரு வீழ்ச்சியும் பல உரைகளும்

கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் பெருஞ்சாலை பெலிஹுல்ஓயாவைக் கடந்து மலையேறி ஹல்துமுல்லையை அடைகின்றது. வடபால் ஹப்புத்தளை மலைத்தொடர் மதிலென நிற்கிறது; தென்பால் நிலம் படிப்படியாகச் சரிந்து பரந்த சமவெளியிற் கலக்கின்றது. இங்குள்ள கட்டுகொடெல்ல என்னுமிடத்தில், போர்த்துக்கேயர் காலத்தது என்று கூறப்படும் சிறு கோட்டையொன்றின் இடிபாடுகள் காணப்படுகின்றன. தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே நிற்கும் அக்கற்களை நாள்தோறும் கடந்து செல்வோர் பலர். அவை எந்தப் போராட்டத்தின் எச்சம் என எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன், ஊவா நாட்டில் ஒரு பெருந்தலைவர் வீழ்ந்த செய்தி கோவைக்கும் லிஸ்பனுக்கும் இலண்டனுக்கும் சென்றது. சென்ற இடந்தோறும் அச்செய்தி வேறு வேறு உருவம் கொண்டது. ஒரு நிகழ்ச்சி பலர் வாயிற் புகுந்து எவ்வாறு பலவாகின்றது என்பதற்கு இலங்கைச் சரித்திரத்தில் இதனிலும் சிறந்த சான்று காண்டல் அரிது.

தேசாதிபதியின் புகழ்

கொன்ஸ்தந்தீனு டி சா டி நொறோஞ்ஞா என்பவர் 1618ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்த போர்த்துக்கேயருக்குப் படைத்தலைவராகவும் தேசாதிபதியாகவும் நியமிக்கப்பட்டார். இடையிற் சிறிது காலம் நீங்கி, 1623இல் மீண்டும் அப்பதவியை ஏற்றார். தமிழ் மக்களுக்கு அவர் பெயர் அயலானதன்று. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய பிலிப்பு டி ஒலிவேறா அவர் ஏவலாற் சென்றவரே. திருக்கோணமலையில் கோணேசர் கோயிலை அழித்து, அதன் கற்களைக் கொண்டு 1624இற் கோட்டை எழுப்பியவரும் அவரே. 1628இல் மட்டக்களப்பிலும் கோட்டையொன்று அமைத்தார். இவ்வாறு கீழ்க்கரைத் துறைகளை அடைத்துக் கண்டி மன்னனைக் கடலினின்றும் பிரித்து வைத்தல் அவரது நோக்கமாயிற்று.

அக்காலத்தில் இலங்கையில் அவரினும் பெயர் பெற்ற போர்த்துக்கேயர் இலர். அவர் வென்றாற் கோவையில் மகிழ்ச்சி. அவர் தாமதித்தால் அங்கே முணுமுணுப்பு. இராசப்பிரதிநிதியாக வந்த லினாறெஸ் பிரபு, தேசாதிபதி போரை முடிக்காது காலங்கடத்துகிறார் எனக் கடிந்து எழுதினார் என்றும், அக்கடிதம் தந்த மனவேதனையே அவரை ஊவாவுக்குப் படையெடுக்கத் தூண்டியது என்றும் போர்த்துக்கேய நூல்கள் கூறும்.

ஐயமின்றித் தெரிபவை

எல்லா உரைகளும் ஒத்துக்கொள்ளும் செய்திகளை முதலிற் பிரித்தெடுத்தல் வேண்டும். 1630ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கொன்ஸ்தந்தீனு டி சா பெரும்படையுடன் ஊவாவினுட் புகுந்தார், பதுளையை எரித்தார், திரும்பும் வழியில், வெல்லவாயவுக்கு அண்மையிலுள்ள ரந்தெனிவெலையிற் கண்டிப் படையாற் சூழப்பட்டார். அவரது படையிற் பெரும்பகுதி லஸ்கரீன் எனப்பட்ட சுதேச வீரர்களே. அவர்களை நடத்திய முதலிமாருள் தொன் கொஸ்மோ, தொன் தெயோதோசியோ முதலிய நால்வர் முன்னரே செனரத் மன்னனின் அவையோடு இரகசியத் தொடர்பு கொண்டிருந்தனர். குறித்த வேளையில் அவர்கள் தம் படையோடு அப்பக்கம் மாறினர். எஞ்சிய போர்த்துக்கேயர் வீழ்ந்தனர், சிலர் சிறைப்பட்டனர். தேசாதிபதி மாண்டார். அதன் பின் செனரத் மன்னன் கொழும்பையும் முற்றுகையிட்டான். ஆயினும் அதனைக் கைப்பற்ற இயலவில்லை.

இவ்வளவே உறுதி. தேசாதிபதி எவ்வாறு மாண்டார்? பிரிந்து சென்றோர் யாவர்: துரோகிகளா, தம் நாட்டை மீட்டவர்களா? படையின் தொகை யாது? இவ்வினாக்களை எழுப்பிய உடனே உரைகள் ஒன்றையொன்று மறுக்கத் தொடங்குகின்றன.

மைந்தர் எழுதியது

நிகழ்ச்சி நடந்து ஐம்பத்தோராண்டு கழிந்தபின், 1681இல், இலங்கைக் கலகத்தைப் பற்றிய நூலொன்று லிஸ்பனில் அச்சாயிற்று. அதன் ஆசிரியர் ஜுவாவோ றொட்றிகஸ் டி சா. வீழ்ந்த தேசாதிபதியின் சொந்த மைந்தர். தந்தையின் நற்பெயரைக் காத்தலே அந்நூலின் உயிர்நாடி. அதில் வரும் கொன்ஸ்தந்தீனு டி சா குற்றமற்ற வீரர். மேலோரின் பொறாமைக்கும் கீழோரின் துரோகத்துக்கும் இரையானவர். இறுதிவரை ஆயுதத்தைக் கைவிடாது பொருது மடிந்தவர்.

மைந்தரின் அன்பைக் குறைகூற யாருக்கும் மனம் வராது. ஆயினும் சரித்திர மாணாக்கர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். படையெடுப்புத் தவறாக முடிந்தமைக்குத் தேசாதிபதியின் சொந்தக் கணிப்பு எவ்வளவு காரணம் என்னும் வினாவை அந்நூலிடம் கேட்டு நேரிய விடையை எதிர்பார்த்தல் இயலாது.

சிறையிருந்தவர் கேட்டது

அதே 1681ஆம் ஆண்டில் இலண்டனில் மற்றொரு நூல் வெளிவந்தது. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ் எழுதியது அது. அவர் போர்த்துக்கேயருக்கு உறவினருமல்லர். கண்டி மன்னனுக்கு நண்பருமல்லர். கிராமத்தவரோடு பழகி, அவர்கள் மொழியைப் பயின்று, அவர்கள் வாயிற் கேட்ட கதைகளை எழுதினார்.

நொக்ஸ் கூறும் முடிவு வேறு. பகைவர் கையிற் சிக்குவதினும் இறத்தலே நன்றெனக் கருதிய தேசாதிபதி, குடிக்க நீர் கொண்டுவருமாறு தம் ஏவற் சிறுவனை அழைத்து, அவன் இடையிலிருந்த கத்தியைப் பறித்துத் தம்மைத் தாமே குத்திக்கொண்டார் என்பது அவர் உரை.

ஒரே ஆண்டில் அச்சான இரு நூல்கள், ஒரே மனிதர், இரு மரணங்கள். எதனை நம்புவது? நொக்ஸுக்கு மறைக்க வேண்டிய குடும்ப மானம் ஏதுமில்லை என்பது அவர் பக்கத்து வலிமை. ஆனால் அவர் கேட்ட காலத்தில் நிகழ்ச்சி நடந்து முப்பதாண்டுக்கு மேலாயிற்று. ஒருவர் சொல்ல மற்றவர் கேட்ட கதை அது. மறுபுறம், தற்கொலை என்பது கத்தோலிக்க சமயத்தில் பெரும்பாவம். அவ்வாறு ஒரு செய்தி எட்டியிருப்பினும் ஒரு போர்த்துக்கேய மைந்தரால் அதனை எழுதியிருக்க முடியாது. ஆகவே அவரது மௌனம் மறுப்பாகாது. நொக்ஸின் கூற்றும் சான்றாகாது. இவ்விடத்தில் தீர்ப்பை நிறுத்தி வைத்தலே அறிவுடைமை. தெரியாததைத் தெரியாது என விடுத்தல் சரித்திரகாரனுக்கு இழுக்கன்று.

போர்வீரரும் துறவியும்

போர்த்துக்கேயருள்ளும் உரைகள் ஒரு தன்மையன அல்ல. ஜுவாவோ றிபெய்றோ 1640இல் இலங்கைக்கு வந்து பல்லாண்டு போர்வீரராகப் பணியாற்றி, 1685இல் தம் நூலை எழுதி முடித்தார். நிகழ்ச்சியை அவர் நேரிற் கண்டவரல்லர். ஆயினும் முதிய வீரர்களின் வாய்மொழியைப் பாசறையிற் கேட்டிருக்கக் கூடியவர். தேசாதிபதியின் தலை ஒரு பறையின்மேல் வைக்கப்பட்டு, அண்மையில் நீராடிக்கொண்டிருந்த இளவரசன் இராசசிங்கனிடம் கொண்டுபோகப்பட்டது என்பது போன்ற காட்சிகள் அத்தகைய வாய்மொழி வழியாகவே வந்திருத்தல் கூடும். பாசறைக் கதைக்குச் சுவை மிகுதி, அளவு குறைவு.

இயேசு சபைத் துறவியாகிய பெர்னாவோ டி குவேறோஸ் இலங்கை மண்ணை மிதித்தவரே அல்லர். கோவையிலிருந்து, கிடைத்த ஏடுகளையும் கடிதங்களையும் கொண்டு பெருநூலொன்று எழுதி, 1688இற் காலமானார். அது 1916ஆம் ஆண்டில்தான் கொழும்பில் அச்சேறியது. செய்தி திரட்டுவதில் அவர் மிகுந்த உழைப்பாளி. ஆனால் போர்த்துக்கேயர் இலங்கையை இழந்தமைக்குக் காரணம் அவர் கண்ணில் இறைவன் தந்த தண்டனை. அவ்வுட்கோளே அவர் கதையை நடத்துகின்றது.

சிங்களப் பாடல்கள்

சிங்களத்தில் ஹட்டன எனப்படும் போர்ப்பாடல் மரபு ஒன்றுண்டு. அம்மரபில் இந்நிகழ்ச்சி தோல்வியன்று, வெற்றித் திருவிழா. பரங்கி ஹட்டன முதலிய பாடல்களில் ரந்தெனிவெலை கண்டி இளவரசரின் வீரத்துக்குச் சான்றாகப் பாடப்படுகின்றது.

ஆயினும் சிங்களத்தவர் யாவரும் ஒரே குரலிற் பேசினர் என்று கொள்ளுதல் பிழை. இதே தேசாதிபதியின் முந்திய வெற்றியொன்றைப் புகழ்ந்து குஸ்தந்தீனு ஹட்டன என்னும் சிங்களக் காவியம் எழுந்தது. போர்த்துக்கேயரிடம் பணிபுரிந்து கிறித்தவரான அழகியவன்ன முகவெட்டி என்னும் பெரும்புலவர் அதனைப் பாடினார் என்பது வழக்கு. ஒரே மொழியில் ஒரே மனிதர் ஒரு பாடலிற் காவியத் தலைவர்; மற்றொன்றிற் பகைவர். மொழி வேறுபாடன்று, புலவர் எவர் நிழலில் நின்றார் என்பதே பாட்டின் போக்கை நிருணயித்தது.

முதலிமாரைப் பற்றிய சொற்களும் இத்தகையனவே. லிஸ்பனில் அவர்கள் துரோகிகள், கண்டியில் நன்மக்கள். அவர்கள் ஞானஸ்நானம் பெற்றுத் ‘தொன்’ பட்டம் தாங்கியவர்கள் என்பதும், குறித்த நாளில் பக்கம் மாறினர் என்பதும் நிகழ்ச்சிகள். மற்றவை தீர்ப்புகள். நிகழ்ச்சியையும் தீர்ப்பையும் ஒரே சொல்லுக்குள் அடைத்துத் தருவதே எக்காலத்துச் செய்தியாளருக்கும் உரிய பழக்கம்.

எண்களும் மாந்தரும்

படைத்தொகையைப் பற்றிய மயக்கமும் கருதற்பாலது. உடன் சென்ற போர்த்துக்கேயர் சில நூற்றுவர் என்பாரும், ஆயிரத்தைந்நூற்றுவர் என்பாரும் உளர். சுதேச வீரரின் தொகையோ ஆயிரக்கணக்கில் ஏறியும் இறங்கியும் வருகின்றது.

இது பழங்காலத்தின் குறையென்று நகைத்தற்கில்லை. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில், இதே ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவிலுள்ள கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. முதல்நாட் செய்திகளில் மண்ணுள் அகப்பட்டோர் முந்நூற்றுவருக்கு மேல் என்று வந்தது. இறந்தோர் நூற்றுவர் எனவும் கூறப்பட்டது. காணாமற்போனோர் 192 எனவும் அறிவிக்கப்பட்டது. நாட்கள் செல்லச் செல்ல அத்தொகை நாற்பதுக்குங் கீழ் வந்தது. காலையிற் பாடசாலைக்குச் சென்ற பிள்ளைகள் உயிர் தப்பினர். வானொலி, தொலைக்காட்சி, பத்திரிகை, கைத்தொலைபேசி யாவும் இருந்த காலத்திலும், அன்று காலை லயத்தில் யார் இருந்தார், யார் வெளியே சென்றார் என்பதை உடனே சொல்ல இயலவில்லை. தொகை குறைந்ததனால் துயரம் குறைந்துவிடவில்லை. வீட்டில் ஒருவரை இழந்தவருக்கு நூறும் நாற்பதும் ஒன்றே. ஆயினும் எண் பிழைத்தால், உயிரோடிருப்பவரை இறந்தவராக்கும் கொடுமையும், இறந்தவரைப் பெயரில்லாதவராக்கும் கொடுமையும் ஒருங்கே நேர்கின்றன.

முடிவுரை

ரந்தெனிவெலை பற்றிய உரைகள் அனைத்தையும் ஒருங்கே வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். தேசாதிபதியின் இறுதிக் கணத்தை எழுதப் பலர் முன்வந்தனர். அவருடன் மாண்ட லஸ்கரீன்களின் பெயரை எழுத எவரும் முன்வந்திலர். எரிந்த பதுளையில் வீடிழந்தோர், நெல்லிழந்தோர் சொல்லிய சொல் ஒன்றேனும் அந்நூல்களில் இல்லை. புகழ்பெற்றவர் மேல் விழும் வெளிச்சம் அருகில் நின்றவரை இருளில் தள்ளிவிடுகின்றது.

ஆகவே எந்தச் செய்தியையும் வாசிக்கும் மாணாக்கர் நான்கு வினாக்களை மறவாதிருத்தல் நன்று: சொல்பவர் யார்? யாருக்குச் சொல்கிறார்? நிகழ்ந்து எத்துணைக் காலத்தின் பின் சொல்கிறார்? எதனைக் காக்கச் சொல்கிறார்? இந்நான்கோடு ஐந்தாவதொன்றையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டும்: இதில் யாருடைய குரல் இல்லை? முதல் நான்கும் உரையாசிரியரை அறியத் துணைபுரியும். ஐந்தாவதே, மலைச்சரிவில் வாழ்ந்து எழுதப்படாது மறைந்த மக்களை நினைவுக்குக் கொணரும். கட்டுகொடெல்லக் கற்களைக் கடந்து பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகளுள் ஒருவரேனும் அவ்வினாவைக் கேட்கத் தொடங்குவாராயின், அங்கே புதிய சரித்திரம் ஒன்று எழுதத் தொடங்கப்பட்டதாகும்.