பேட்டரிக் கட்டையும் பாட்டுப் பெட்டியும்

1960களிலும் 70களிலும் ராஜபாளையத்தில் டிரான்சிஸ்டர் வைத்திருந்தவர்களுக்குப் பாட்டுச் செலவு என்றால் பெரும்பாலும் பேட்டரிக் கட்டைச் செலவுதான். வானொலிக்கு ஆண்டு உரிமக் கட்டணம் தனி. அதற்கு மேல் கட்டைக்கும் காசு.

அதற்கு முந்தைய வால்வு ரேடியோ சுவரோடு கட்டிப்போட்ட மாடு மாதிரி. பெரும்பாலும் மின்சாரம் உள்ள வீட்டில்தான் பாடும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1947-ல் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1954-ல் முதல் டிரான்சிஸ்டர் ரேடியோ விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளில் அது தோட்டத்துக்கும், டீக்கடைக்கும், மில் ஷிப்டு முடிந்து வருகிறவரின் திண்ணைக்கும் வந்துவிட்டது. 1963-ல் திருநெல்வேலி வானொலி நிலையம் தொடங்கியது. இலங்கை வானொலியைச் சொல்லவே வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு மார்கழி விடியலில் தங்கள் ஊர் ஆண்டாளின் திருப்பாவையை ரேடியோவில் கேட்பது தனிப் பெருமை.

அந்தப் பெட்டிக்குள் இருந்த கட்டையின் மூலவடிவம் 1866-ல் பிரான்சின் லெக்லாஞ்சே கண்டது. துத்தநாகக் குவளை, நடுவில் கரித்தண்டு. எவரெடிதான் நமக்குத் தெரிந்த பெயர். 1972-ல் சென்னையில் தொடங்கிய நிறுவனம் ஜப்பானியக் கூட்டுறவோடு நிப்போ கட்டைகளைக் கொண்டுவந்தது. பாட்டு இழுக்க ஆரம்பித்தால் கட்டையைக் கழற்றி வெயிலில் வைப்போம். அதில் உண்மை உண்டு. சூட்டிலும் ஓய்விலும் உள்ளிருக்கும் ரசாயன வினை கொஞ்சம் உயிர் பெறும். ஆனால் தேய்ந்த துத்தநாகம் திரும்பி வராது. இன்னொரு நாள் பாடும், அவ்வளவுதான். மறந்து உள்ளேயே விட்டால் கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும்.

1979-ல் சோனி வாக்மேன் வந்தது. வளைகுடா போனவர்கள் வழியாக நம் பக்கமும் எட்டிப் பார்த்தது. அதற்கு இரண்டே இரண்டு பென்சில் பேட்டரி. ஆனால் நாடாவைச் சுற்ற மோட்டார் வேண்டுமே! ரேடியோவில் வாரக்கணக்கில் ஓடிய கட்டை, இதில் சில மணி நேரத்தில் தீர்ந்தது. அப்போதுதான் ‘சார்ஜ் ஏற்றும் பேட்டரி’ என்ற பேச்சே நம் வீடுகளில் எழுந்தது.

அன்று கிடைத்தது நிக்கல்-காட்மியம். ஸ்வீடனின் யுங்னர் 1899-ல் கண்டுபிடித்தது. மலிவு சார்ஜர் தானாக நிற்காது, கடிகாரம் பார்த்து நாம்தான் பிடுங்க வேண்டும். சும்மா வைத்திருந்தாலே சார்ஜ் வடிந்துவிடும். காட்மியமோ விஷ உலோகம். நம் தலைமுறை பலருக்கு ‘ரீசார்ஜ் பேட்டரி ஏமாற்று வேலை’ என்ற எண்ணம் படிந்தது இந்தக் காலத்தில்தான்.

அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். 1989 வாக்கில் காட்மியம் இல்லாத நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு கடைக்கு வந்தது. அதுவும் முதலில் வடியத்தான் செய்தது. 2005-ல் ஜப்பானின் சான்யோ ‘எனிலூப்’ என்ற பெயரில் வடியாத வகையை விட்டது. சார்ஜ் ஏற்றி ஓராண்டு அலமாரியில் வைத்தாலும் சுமார் 85 சதவீதம் மிஞ்சும் என்றார்கள். இன்று வேறு பல நிறுவனங்களும் இந்த வகையைச் செய்கின்றன.

வாங்கும்போது அட்டையில் உள்ள பெரிய எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். தினமும் ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்பவருக்கு, 2500 எம்.ஏ.எச். போட்ட வடிகிற பேட்டரியைவிட 2000 போட்ட வடியாததே மேல். ‘1.5 வோல்ட் இல்லை, 1.2தானே’ என்ற பயமும் வேண்டாம். சாதாரணக் கட்டை 1.5-ல் தொடங்கி இறங்கிக்கொண்டே வரும். இது கடைசிவரை 1.2-ஐ ஒட்டியே நிற்கும். பெரும்பாலான ரேடியோக்களுக்கு அது போதும். பழையதையும் புதியதையும் கலந்து போடாதீர்கள். முதலில் தீர்ந்த பேட்டரி வழியாக மற்றது மின்சாரத்தைத் தள்ளும், பலவீனமானது கெட்டுப்போகும். சார்ஜர் தானாக நிற்கும் வகையாக இருக்கட்டும்.

1991-ல் சோனி லித்தியம் அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு கதை வேறு பக்கம் திரும்பியது. 2001-ல் ஐபாட், 2017-ல் 5000 பாடல்களோடு சரிகமாவின் கேரவான். நம் வயதுக்காரர் வீடுகளில் பிள்ளைகள் வாங்கித் தந்த பாட்டுப் பெட்டி ஒன்றாவது இருக்கும். வசதிதான். ஆனால் இப்படிப்பட்ட பல கருவிகளில் பேட்டரி உள்ளேயே இருக்கிறது. சில வருடத்தில் அது தளர்ந்தால், கழற்றி மாற்ற ஆள் தேட வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் நல்ல பெட்டியும் குப்பைக்குப் போகும்.

பஜாரில் கிடைக்கும் சின்ன பென் டிரைவ் பாட்டுப் பெட்டிகள் பலவற்றில் பழைய நோக்கியா போனின் பி.எல்.5சி பேட்டரிதான். மூடியைத் திறந்து நாமே மாற்றலாம். ஆகவே புதிதாக வாங்குகிறவர்கள் பாட்டு எத்தனை என்று கேட்பதற்கு முன், பின்புற மூடியைத் திறந்து பாருங்கள். தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு அந்தப் பெட்டிதான் வீட்டில் கேட்கும் ஒரே பேச்சுக்குரல். அது நின்றுபோனால் இன்னொருவர் வருகைக்காகக் காத்திருக்கக் கூடாது.

தீர்ந்த பேட்டரிகளைக் கிணற்றடியிலோ குப்பையிலோ வீச வேண்டாம். தனியாகச் சேர்த்து வைத்து, மின்னணுக் கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுங்கள். நம் நிலத்தடி நீரைத்தான் பேரப்பிள்ளைகளும் குடிக்க வேண்டும்.