பெங்குவின் எந்த வகுப்புக்குப் போனது?

சிதம்பரத்தில் பொறியியல் படித்தபோது, பென்டிரைவில் சுற்றிச் சுற்றி எங்கள் ஹாஸ்டல் அறைக்கு வந்து சேர்ந்த படம் ‘கிரகரிஸ் கேர்ள்’. 1981இல் பில் ஃபோர்சைத் எடுத்தது. கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஸ்காட்லாந்தில் ஒரு பள்ளி, தோற்றுக்கொண்டே இருக்கும் ஃபுட்பால் டீம். டோரதி என்ற பெண் வந்து கிரகரியின் இடத்தைப் பிடிக்கிறாள். அவனைக் கோல்கீப்பராக்கி விடுகிறார்கள். இவனோ அவளையே காதலிக்கிறான். சந்திக்கப் போனால் அவள் வரவில்லை. தோழிகள் அவனை ஒருத்தி மாற்றி ஒருத்தியாக அழைத்துக்கொண்டு போய், கடைசியில் சூசனிடம் ஒப்படைக்கிறார்கள். பயலுக்கு அதிலும் சந்தோஷம்தான். நடுநடுவே பெங்குவின் வேஷத்தில் ஒருவன் பள்ளிக்குள் நடந்துகொண்டே இருக்கிறான். ஏன் எதுக்குன்னு படம் சொல்றதே இல்லை.

‘டேய், இது எங்க டவுன்ஷிப்டா’ என்றான் ரூம்மேட், நெய்வேலிக்காரன். அன்று கிண்டல் பண்ணினோம். பிறகு தேடிப் பார்த்தால் அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. படம் எடுத்த கம்பர்நால்டு, கிளாஸ்கோவின் நெருக்கடியைக் குறைக்க 1955இல் அறிவிக்கப்பட்ட புதுநகரம். நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் தொடங்கியது 1956. வட்டம் வட்டமாகப் பிரித்து, மரம் நட்டு, ஸ்கூல் கட்டி, அரசாங்கம் யோசித்து வைத்த ஊர்கள் இரண்டும். கிரகரியாக நடித்த ஜான் கோர்டன் சின்க்ளேர் அப்போது எலக்ட்ரீஷியன் வேலை பழகிக்கொண்டிருந்தவர். நெய்வேலி குவார்ட்டர்ஸில் அப்படி ஒரு அண்ணன் கட்டாயம் இருப்பார்.

இந்த இடத்தில்தான் எனக்கு 2002இல் வந்த ‘அழகி’ ஞாபகம் வரும். தங்கர் பச்சான் பண்ருட்டி பக்கம் பத்திரக்கோட்டைக்காரர், தன்னுடைய ‘கல்வெட்டு’ சிறுகதையைத்தான் படமாக்கினார். பதின்மூன்று வயதில் அம்மாவோடு கடலூரில் பார்த்தேன். பள்ளிக்கூடப் பகுதி முழுக்க கிரகரிக்குச் சொந்தக்காரப் பயல்கள்தான். அதே அசட்டுத்தனம், அதே வாய்ப்பேச்சு. என்னைக் கேட்டால் படமே அங்கேதான் இருக்கிறது. பிற்பாதியில் அழுகை கொஞ்சம் ஜாஸ்தி.

ஆனால் அந்த அழுகைக்குக் காரணம் உண்டு. டோரதி வராவிட்டால் கிரகரிக்கு ஒரு சாயங்காலம்தான் நஷ்டம். சண்முகம் படிக்கப் போய்விட, தனலட்சுமி ஊரிலேயே நிற்க, அதோடு இரண்டு பேருடைய வாழ்க்கையும் பிரிந்துவிடுகிறது. பல வருஷம் கழித்து அவன் அவளைப் பார்ப்பது சென்னையில், போக்கிடமில்லாத நிலையில். முதல் காதலில் சொதப்பிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்க, முதுகுக்குப் பின்னால் ஏதாவது ஒன்று தாங்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. கம்பர்நால்டு பையனுக்கு இருந்தது. டவுன்ஷிப் பையனுக்கும் இருந்தது. சுரங்கத்துக்காக நிலம் கொடுத்துவிட்டுப் போன கிராமத்துப் பிள்ளைக்கு?

என் வகுப்பில் முதல் பெஞ்சில் இருந்தவள் பத்தாவதோடு நின்றுவிட்டாள். முந்திரி உடைக்கப் போறாளாம் என்றார்கள். நான் அப்போது டியூஷன் நோட்டில் அவள் இனிஷியலை விதவிதமாக எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் நின்றாள் என்று கேட்கத் தோன்றவே இல்லை.

போன மாதம் ரூம்மேட் போன் பண்ணினான். குழந்தைக்கு ஸ்கூல் அட்மிஷன், கார் லோன் என்று எல்லாம் பேசிவிட்டு, வைக்கிற நேரத்தில் கேட்டான்: ‘மச்சி, அந்த பெங்குவின் கடைசில எந்த கிளாஸுக்குடா போச்சு?’