தாம்பூலத்தின் தடமும் ராஸ் புரதமும்

மதுரைக்கு வடமேற்கே, வைகைப் பாசனத்தில் செழித்த சோழவந்தான் வட்டாரத்துக் கொடிக்கால்களில் அகத்தியைப் பற்றிப் படரும் வெற்றிலை, கவுளி கவுளியாகக் கட்டப்பட்டு நகரச் சந்தைகளுக்கு நெடுங்காலமாக வந்துகொண்டிருக்கிறது. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதே வைகைச் சமவெளியின் தென்புறத்தில், நாகமலையை ஒட்டி, 1966இல் தொடங்கப்பட்டுப் பின்னர் காமராசர் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் புற்றுநோய் உயிரியல் பிரிவில், வாய்ப்புற்றுக் கட்டிகளின் மரபணுக்கள் 1990களில் எழுத்தெழுத்தாகப் படிக்கப்பட்டன. தாம்பூலம் தரிக்கும் வழக்கத்தின் வரலாறு இலக்கியத்திலும் சடங்கிலும் மட்டுமன்றி, அதை மென்றவர்களின் வாய்ச்சவ்வு உயிரணுக்களிலும் பதிந்திருக்கிறது என்பதால், இவ்விரண்டையும் சேர்த்தே நோக்கவேண்டும்.

வழக்கம் மிகப் பழையது. மதுரைப் புறஞ்சேரியில் ஆயர் வீட்டில் உணவு படைத்த கண்ணகி, கோவலனுக்கு வெற்றிலையும் பாக்கும் தந்ததைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. அந்தத் தாம்பூலத்தில் புகையிலை இல்லை, இருந்திருக்கவும் முடியாது. அமெரிக்கக் கண்டத்துச் செடியான புகையிலை, போர்ச்சுகீசியர் வழியாக இந்தியக் கரைக்கு வந்து, நாயக்கர் ஆட்சி மதுரையில் நிலவிய காலத்தில் தமிழ் மண்ணில் வேர்கொண்டது. பழைய மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்த திண்டுக்கல் அதன் வாணிகத்துக்கும் சுருட்டுத் தொழிலுக்கும் பேர்பெற்றது. சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனைத் தலைவனாக வைத்துப் புகையிலையையே தூது விடும் நூல் ஒன்று பாடினார் என்பது, வந்தேறிய இலை எவ்வளவு விரைவில் உறவாகிவிட்டது என்பதற்குச் சான்று. வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, முதுகில் சுண்ணாம்பைத் தடவி, பாக்கை வைத்து மடித்து மென்றபின், புகையிலைத் துண்டைக் கன்னத்தின் உட்புறம் அடக்கிக்கொள்வதும், உழைப்பின் களைப்பிலும் பசியிலும் அதை மணிக்கணக்கில் அப்படியே வைத்திருப்பதும் வயற்காட்டிலும் தறிக்கூடத்திலும் வழக்கமாயின. அடக்கிய இடத்திலேயே நாளடைவில் வெண்படலமும் ஆறாப் புண்ணும் தோன்றுவதைப் பின்னர் மருத்துவர்கள் கண்டனர்.

சென்னையில் பணியாற்றிய நிப்லாக் என்னும் அறுவை மருத்துவர் 1902இலேயே கன்னப்புற்றைத் தாம்பூலப் பழக்கத்தோடு இணைத்து எழுதினார். தெற்கே, அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த நெய்யூர் மிஷன் மருத்துவமனையின் பெண்டால் 1908இல் தாம் கண்ட 1,700 புற்றுநோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார். அங்கேயே ஆர் என்பவர் 1933இல் அதே தொடர்பை மேலும் ஆராய்ந்தார். மருத்துவமனைப் பதிவேடுகளிலிருந்து எழுந்த இந்தக் கவனிப்புகள் உரிய மதிப்பை இன்னும் பெறவில்லை. பழியைப் புகையிலைமேல் மட்டும் போட்டுவிட இயலாது. பாக்கே தன்னளவில் புற்று உண்டாக்கும் பொருள் என்று உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அறிவித்தது.

மருத்துவமனை கண்ட புண்ணுக்குள் நிகழ்வது என்ன என்னும் கேள்விக்கு விடை வேறு திசையிலிருந்து வந்தது. 1964இல் ஹார்வியும் 1967இல் கிர்ஸ்டனும் எலிகளில் புற்றுக் கட்டியைத் தோற்றுவிக்கும் வைரசுகளைக் கண்டறிந்தனர். அவ்வைரசுகள் சுமந்த மரபணுவுக்கே ராஸ் என்று பெயர்; ஹார்வியுடையது ஹெச்-ராஸ், கிர்ஸ்டனுடையது கே-ராஸ். 1982இல், மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றிலிருந்து எடுத்த ஹெச்-ராஸ் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால், 189 அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தின் 12ஆம் இடத்தில் கிளைசினுக்குப் பதில் வேலின் அமர்ந்திருப்பது தெரிந்தது. ராஸ் புரதம் உயிரணுச் சவ்வின் உட்புறத்தில் நின்று, வளர்ச்சிக்கான செய்தியை வெளியிலிருந்து உள்ளே கடத்துகிறது. ஜிடிபி எனப்படும் மூலக்கூறு ஒட்டியிருக்கும்போது செய்தி பாய்கிறது. அதிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் புரதமே வெட்டி நீக்கியதும் நின்றுவிடுகிறது. கண்மாய் மடையைத் திறந்து, தேவை தீர்ந்ததும் அடைப்பது போன்ற இந்த ஒழுங்கு, 12, 13, 59, 61 ஆகிய இடங்களில் மாற்றம் நேர்ந்தால் குலைகிறது. அடைக்க முடியாத மடையாகிவிட்ட ராஸ், உயிரணுவை ஓயாமல் பெருகச் செய்கிறது.

மும்பைப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தார், புகையிலை மெல்லுவோரின் வாய்ப்புற்றுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் ஹெச்-ராஸ் மாற்றம் இருப்பதை 1991இல் வெளியிட்டனர். மேற்கு நாடுகளின் தலை, கழுத்துப் புற்றுகளில் அது நூற்றுக்குப் பத்துக்கும் குறைவே. மதுரையில் முனிராஜன், சண்முகம் முதலியோர், கிர்ஸ்டன் வைரசின் ராஸ் வரிசையை 1982இல் படித்த ஜப்பானிய ஆய்வாளர் சுச்சிதாவுடன் சேர்ந்து 1998இல் வெளியிட்ட ஆய்விலும், இந்திய வாய்ப்புற்றில் ஹெச்-ராஸ் மாற்றம் மிகுதி என்பது உறுதிப்பட்டது; அதோடு, மனிதக் கட்டிகளில் அரிதான 59ஆம் இட மாற்றம் ஒன்றும் கிடைத்தது. ஹார்வி, கிர்ஸ்டன் வைரசுகள் இரண்டின் ராஸ் புரதத்திலும் இதே 59ஆம் இடமும் மாறியிருக்கிறது. எலி வைரசில் கற்ற பாடமும் இந்த மண்ணின் கட்டியும் ஓரிடத்தில் சந்தித்த அந்த முடிவு, தமிழ்நாட்டு அறிவியல் வரலாற்றில் இன்னும் உரக்கச் சொல்லத் தக்கது.

மருந்துக்கு இப்புரதம் நெடுநாள் வசப்படவில்லை. ஜிடிபியை அது மிக இறுகப் பற்றுவதாலும், மருந்து மூலக்கூறு பற்றிக்கொள்ள ஆழமான குழி இல்லாததாலும், இதைத் தொடவே முடியாது என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது. கே-ராஸின் 12ஆம் இடத்தில் சிஸ்டீன் அமர்ந்த வகையில் மட்டும் ஒரு மறைகுழி இருப்பதை ஷோகாத் என்னும் ஆய்வாளரின் குழுவினர் 2013இல் காட்டினர். அந்த வழியில் பிறந்த சோட்டோராசிப் 2021இல் நுரையீரல் புற்றுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. வாய்ப்புற்றின் ஹெச்-ராஸுக்குத் திறந்தது வேறு வழி. ராஸ் சவ்வில் ஒட்டிக்கொள்ள ஃபார்னெசில் என்னும் கொழுப்புத் தொடர் அதன் வாலில் சேர்க்கப்படவேண்டும். அதைச் சேர்க்கும் நொதியைத் தடுத்தால் கே-ராஸ் வேறொரு கொழுப்பைக் கொண்டு தப்பிவிடும் என்பதாலேயே அவ்வகை மருந்துகள் முன்பு தோற்றன. ஹெச்-ராஸுக்கோ அத்தகைய மாற்று இல்லை. எனவே ஹெச்-ராஸ் மாறிய தலை, கழுத்துப் புற்றில் டிப்பிஃபார்னிப் என்னும் தடுப்பானை மீண்டும் சோதித்தபோது, மாறிய மரபணுவின் பங்கு கூடுதலாக இருந்து மதிப்பிடப்பட்ட 20 பேரில் 11 பேருக்குக் கட்டி சுருங்கியது என 2021இல் அறிவிக்கப்பட்டது. அமெரிக்க மருந்து ஆணையம் அதே ஆண்டு அதற்குத் தந்தது விரைவு ஆய்வுக்கான சிறப்புத் தகுதியேயன்றி விற்பனைக்கான ஒப்புதல் அன்று.

ஆகவே வாய்ப்புற்றுத் திசுவை நுண்ணோக்கியில் பார்ப்பதோடு நிறுத்தாமல், ஹெச்-ராஸின் அந்த நான்கு இடங்களையும் படித்துக் குறித்துவைப்பது மருந்து வந்துசேருமுன்பே தொடங்கவேண்டிய வேலை. இம்மாற்றம் மிகுதியாகக் காணப்பட்ட நாட்டின் நோயாளிகளே இத்தகைய சோதனைகளில் முன்வரிசையில் இடம்பெறவேண்டியவர்கள்.