களா நோன்பின் கணக்கு

ரமலான் 29 நாள், அல்லது 30 நாள். பிறை பார்த்துத் தொடங்கும், பிறை பார்த்து முடியும். பெண்களின் ரமலான் அப்படி முடிவதில்லை. மாதவிடாய் நாட்களில் தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை. விட்டுப்போன தொழுகையைத் திருப்பித் தொழ வேண்டாம். விட்டுப்போன நோன்பை மட்டும் பிறகு எண்ணி நிறைவேற்ற வேண்டும். தமிழ் பேசும் முஸ்லிம்கள் இதைக் களா நோன்பு என்பார்கள். உருது பேசும் எங்கள் வீட்டில் கஜா ரோஜா. பெருநாள் முடிந்து, வீட்டில் எல்லோரும் மூன்று வேளையும் சாப்பிடும் ஏதோ ஒரு மாதத்தில், ஒருத்தி மட்டும் விடியுமுன் எழுந்து எதையாவது சாப்பிட்டு, பகல் முழுக்க மற்றவர்களுக்குச் சமைத்துப் போட்டபடி இருக்கும் நோன்பு அது. அவளுக்காக யாரும் கஞ்சி காய்ச்சுவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 13 வயதில் தொடங்கி 48 வயது வரை 35 ரமலான். ஒவ்வொன்றிலும் ஆறு நாள் என்று வைத்தால் 210 நாள், அதாவது ஏழு முழு ரமலான். பிள்ளை பெற்றதற்கும் பால் கொடுத்ததற்குமான கடன் தனி. ஊர்ப் பள்ளிவாசல்களின் வரலாறு சொல்லும் மலர்களில் மினாரா எழுப்பிய ஆண்டும், கஞ்சி அண்டா வாங்கிக் கொடுத்தவர் பெயரும் இருக்கும். இந்த ஏழு மாதங்களைப் பற்றி அவற்றில் ஒரு வரியும் நான் படித்ததில்லை.

ஆனால் இந்தக் கணக்குக்கு மிகப் பழைய சாட்சியம் ஒன்று இருக்கிறது. அது ஒரு பெண் தன் வாயால் சொன்னது. ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டில், கி.பி. 624-இல், ரமலான் நோன்பு கடமையானது. நபியவர்களின் மனைவி ஆயிஷா, தன் மேல் ரமலான் நோன்பின் கடன் இருக்கும் என்றும், அதை ஷஅபான் மாதத்தில்தான் தன்னால் நிறைவேற்ற முடிந்தது என்றும் சொன்னதாகப் புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்திருக்கிறார்கள். ஷஅபான் என்பது அடுத்த ரமலானுக்கு முந்தைய மாதம். அதாவது பதினோரு மாதத்தின் கடைசி விளிம்பு. நபியவர்களைக் கவனித்துக்கொள்வதில் நேரம் போனதே காரணம் என்று அறிவிப்பாளர் ஒருவர் விளக்கமும் சேர்த்திருக்கிறார். வீட்டுப் பொறுப்புக்கு நடுவே தன் வணக்கத்துக்கு ஒரு நாளைத் தேடி எடுப்பது மதீனாவிலேயே தொடங்கிவிட்டது.

அந்த மதீனாவில் பெண்ணுக்கும் பள்ளிவாசலுக்கும் நடுவே இவ்வளவு தூரம் இருக்கவில்லை. ரமலானின் கடைசிப் பத்து நாட்களில் பள்ளியிலேயே தங்கி வணங்குவது இஃதிகாஃப். நபியவர்களின் மனைவியரும் இஃதிகாஃப் இருந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு மாதவிடாய் அல்லாத உதிரப்போக்கு இருந்தது. கீழே ஒரு தட்டு வைத்துக்கொண்டு தொழுதார் என்ற செய்தியும் புகாரியில் உண்டு. உமர் தன் மனைவி ஆத்திகா பள்ளிக்குப் போவதை விரும்பவில்லை. ஆனாலும் தடுக்கவில்லை. அல்லாஹ்வின் பள்ளிகளுக்குப் போகும் பெண்களைத் தடுக்காதீர்கள் என்ற நபிமொழி அவர் கையைக் கட்டியிருந்தது. பிற்காலச் சட்ட அறிஞர்கள் காலம் கெட்டுவிட்டது, குழப்பம் வரும் என்று காரணம் காட்டி, பெண்ணுக்கு வீடே சிறந்தது என்ற பக்கம் சாய்ந்தார்கள். சிறந்தது என்ற சொல் நாளடைவில் கட்டாயம் போலவே நடைமுறைக்கு வந்தது.

தமிழ்நாட்டில் இந்தக் கதை எங்கும் ஒன்றுபோல் இல்லை. கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹப். வடக்கிலும் உருது பேசுவோரிடத்திலும் ஹனஃபி. காயல்பட்டினத்தில் பெண்களுக்கென்றே தைக்காக்கள் உண்டு. ரமலான் இரவுகளில் அவர்கள் அங்கே கூடித் தராவீஹ் தொழுகிறார்கள். கீழக்கரையில் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அரபுத்தமிழில் மார்க்க நூல்கள் எழுதினார். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அந்த முறை, குர்ஆன் ஓத மட்டும் கற்றுக்கொண்ட பெண்களும் தங்கள் மொழியில் சட்டம் படிக்க வழிசெய்தது. அதே கீழக்கரையில் செய்யிது ஆசியா உம்மா (1868–1948) ஞானப்பாடல்கள் பாடினார். வீட்டுக்குள் இருந்த பெண்கள் சும்மா இருந்துவிடவில்லை.

நான் குடியிருப்பது அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய தெருவில். எங்கள் பக்கம் பெண்களுக்குத் தைக்காவும் இல்லை, அரபுத்தமிழும் இல்லை. என் நானிக்கு எழுதத் தெரியாது. விட்ட நோன்புக்கு ஒரு புளியங்கொட்டை என்று டப்பாவில் போட்டு வைப்பார். ஒரு நோன்பு வைத்து முடித்தால் ஒன்றை எடுத்து வெளியே எறிவார். அவர் இறந்தபோது டப்பாவில் எத்தனை மிச்சம் இருந்தது என்று ஆண்கள் யாரும் கேட்கவில்லை. என் அம்மாதான் எண்ணிப் பார்த்து, அத்தனை நாளுக்கும் ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுத்தார்.

இஸ்லாமிய மாதமும் நிலவை வைத்தே நடப்பதால் ஒவ்வொரு ரமலானின் நடுவிலும் ஒரு பௌர்ணமி வரும். அன்று இரவு 14 கிலோமீட்டர் மலையைச் சுற்ற வரும் கூட்டத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருப்பார்கள் என்று தோன்றும். வணக்கத்துக்காக ஒரு பெண் இரவெல்லாம் பொதுச் சாலையில் நடக்கலாம் என்பதை நான் அவர்களிடம்தான் பார்த்தேன். ஆனால் மாதவிலக்கு வந்தால் அவர்களிலும் பலர் வருவதில்லை. தள்ளிப்போடும் மாத்திரையை மெடிக்கலில் கேட்டு வாங்குகிறவர்களில் கிரிவலம் போகிறவரும் உண்டு, முப்பது நோன்பும் முழுதாக வேண்டும் என்கிறவரும் உண்டு. கோயிலுக்கும் பள்ளிக்கும் நடுவே இந்த ஒரு விஷயத்தில் பெரிய வேறுபாடு இல்லை.

நோன்பு இல்லாத நாளில் சாப்பிட மார்க்கம் அனுமதிக்கிறது. வீடு அனுமதிப்பதில்லை. மாமனார் கண்ணில் படாமல், அடுப்படிக் கதவை ஒருக்களித்து, நின்றுகொண்டே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்ளாத மருமகள் குறைவு. யாராவது கேட்டால் நோன்பு என்றே சொல்ல வேண்டும். கடவுள் கொடுத்த விலக்கைத் திருட்டாக மாற்றியது யார்? பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சிக்கு 2001 முதல் தமிழக அரசு அரிசி தருகிறது. அந்த அண்டாவுக்குப் பக்கத்தில் ஆண்களும் பையன்களும்தான் நிற்கிறார்கள். அதிகாலை ஸஹர் சோறும், மாலை வடையும் சமோசாவும் செய்கிற கைகளுக்கு அரசும் இல்லை, ஜமாஅத்தும் இல்லை.

இது அடுப்படியோடு நிற்கும் விஷயம் அல்ல. பள்ளிவாசலுக்குள் இடமில்லாதவளுக்கு ஜமாஅத்திலும் இடமில்லை. அவளுடைய மணவிலக்கையும் மஹரையும் ஜீவனாம்சத்தையும் அவள் இல்லாத கூடத்தில் ஆண்கள் பேசி முடிக்கிறார்கள். புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம் பெண்கள் ஜமாஅத்தைத் தொடங்கியதும், பெண்களுக்கென ஒரு பள்ளிவாசல் கட்டப்போவதாக அறிவித்ததும் இதனால்தான். அந்த ஜமாஅத்தைப் பற்றித் தீபா தன்ராஜ் 2011-இல் ஆவணப்படம் எடுத்தார். 2016-இல் மும்பை உயர்நீதிமன்றம் ஹாஜி அலி தர்காவின் உள்ளிடத்தைப் பெண்களுக்குத் திறந்துவிட்டது. 2019 நவம்பரில் சபரிமலை சீராய்வு மனுக்களை விசாரித்த உச்சநீதிமன்றம், பள்ளிவாசலில் பெண்கள் நுழைவதும் அதோடு சேர்ந்த கேள்வியே என்றது. 2020 ஜனவரியில் முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம், பெண்கள் பள்ளிக்கு வந்து தொழ மார்க்கத்தில் தடை இல்லை என்று அதே நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது.

தடை இல்லை என்பது ஏட்டில் இருக்கிறது. எந்தப் பள்ளியில் பெண்களுக்கு ஒளூ செய்யக் குழாய் இருக்கிறது, தனி வழி இருக்கிறது, ஜமாஅத் கூட்டத்தில் நாற்காலி இருக்கிறது என்று ஊர் ஊராகக் கேட்டால்தான் மற்றது தெரியும். மாணவிகளிடம் நான் கேட்பது இதைவிடச் சிறியது. உங்கள் வீட்டு மூத்த பெண்களிடம் உட்காருங்கள். எத்தனை நோன்பு கடன் வைத்தார்கள், எந்த மாதத்தில் தீர்த்தார்கள், பகலில் எங்கே மறைந்து சாப்பிட்டார்கள், முதல் தராவீஹை எங்கே தொழுதார்கள் என்று கேட்டு, தேதி போட்டு எழுதுங்கள். ஆயிஷா சொன்னதை யாரோ எழுதி வைத்ததால்தான் இன்று நமக்கு அது கையில் இருக்கிறது.