ரத்தப் பரிசோதனையில் ஏ.எல்.பி. மட்டும் அதிகமா? எலும்பையும் கவனியுங்கள்: பேஜெட் நோய் என்றால் என்ன?

வீட்டில் அறுபதைத் தாண்டிய அப்பாவோ அம்மாவோ இருந்தால், கடைசியாக எடுத்த ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். கல்லீரல் பரிசோதனை பகுதியில் 'ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ்' என்று ஒரு வரி இருக்கும். சுருக்கமாக ஏ.எல்.பி. மற்ற எல்லா அளவும் சரியாக இருந்து, இது மட்டும் எகிறியிருந்தால் பல வீடுகளில் என்ன நடக்கும்? "லிவர்ல லேசா ஏதோ இருக்கு, எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஆனால் ஏ.எல்.பி. கல்லீரலின் தனிச்சொத்து அல்ல. புது எலும்பைக் கட்டும் செல்களிலிருந்தும் அது ரத்தத்துக்கு வருகிறது. ஜி.ஜி.டி. என்ற இன்னொரு பரிசோதனை செய்து அது இயல்பாக இருந்தால், சந்தேகத்தைக் கல்லீரலிலிருந்து எலும்பின் பக்கம் திருப்ப வேண்டும். இந்தியாவில் முதலில் பார்க்க வேண்டியது வைட்டமின் டி குறைபாடு. ஆறிவரும் எலும்பு முறிவு, எலும்புக்குப் பரவிய புற்றுநோய் ஆகியவையும் காரணமாக இருக்கலாம். இந்தப் பட்டியலில் பலரும் மறந்துவிடும் பெயர்தான் பேஜெட் எலும்பு நோய்.

எலும்புக்குள் என்ன நடக்கிறது?

எலும்பு ஒருமுறை வளர்ந்து அப்படியே நின்றுவிடும் பொருள் இல்லை. பெரியவர்களின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் புதுப்பிக்கப்படுகிறது. பழையதை இடிக்க ஒரு வகை செல், புதியதைக் கட்ட இன்னொரு வகை செல். பேஜெட் நோயில் இடிக்கும் செல்கள் அளவிலும் எண்ணிக்கையிலும் பெருத்து, வேகமாக இடித்துத் தள்ளுகின்றன. அதை ஈடுகட்டக் கட்டும் செல்கள் அவசர அவசரமாகப் பூசி மெழுகுகின்றன. விளைவு, எலும்பு முன்பைவிடப் பருமனாகத் தெரியும். ஆனால் உறுதி இருக்காது.

ஆஸ்டியோபோரோசிஸ் எனப்படும் எலும்பு மெலிவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது உடல் முழுக்க எலும்பின் அடர்த்தியைக் குறைப்பது. பேஜெட் நோய் இடுப்பெலும்பு, முதுகெலும்பு, மண்டை ஓடு, தொடை, முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு என ஒன்றிலோ சிலவற்றிலோ மட்டும் வரும். ஒரு எலும்பிலிருந்து பக்கத்து எலும்புக்குத் தாவாது.

லண்டன் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜெட் 1877-ல் இதை விரிவாக எழுதினார். அவர் 20 ஆண்டுகளுக்கும் மேல் கவனித்துவந்த ஒருவருக்குக் கால்கள் வளைந்தன, தலை பெருத்துக்கொண்டே போனது, தொப்பியைப் பெரிதாக மாற்ற வேண்டியிருந்தது. (இணையத்தில் 'பேஜெட்' என்று தேடினால் மார்பகக் காம்பில் வரும் ஒரு புற்றுநோயும் வரும். இரண்டுக்கும் அதே மருத்துவரின் பெயர், அவ்வளவுதான். பயந்துவிடாதீர்கள்.)

அறிகுறி இல்லாமலே இருக்குமா?

இருக்கும். பலருக்கு வேறு எதற்கோ எக்ஸ்ரே எடுக்கும்போதுதான் தெரியவரும். அறிகுறி இருப்பவர்களுக்கு எலும்பில் வலி, அது ஓய்விலும் இரவிலும் தொடர்வது, அந்த இடத்தில் சூடு, கால் வளைவது, எலும்பு முறிவு ஆகியவை வரலாம். மண்டை ஓட்டைத் தொட்டால் காது கேட்பது குறையும். வலியையும் காது மந்தத்தையும் "வயசாச்சுல்ல" என்று ஒதுக்கிவிடுவது நம் வீடுகளில் சாதாரணம்.

இந்தியாவில் அரிதா?

எண்களோடு பிழைப்பு நடத்தும் எனக்கு இந்த நோயில் ரொம்பப் பிடித்த பகுதி இது. 1970-களில் பிரிட்டனில் 31 ஊர்களின் மருத்துவமனைகளில், 55 வயதைத் தாண்டியவர்களுக்கு வேறு காரணங்களுக்காக எடுத்த வயிற்று எக்ஸ்ரேக்களை ஆய்வாளர்கள் அலசினார்கள். வயிற்றுப் படத்தில் இடுப்பெலும்பும் கீழ் முதுகும் விழும் அல்லவா? சுமார் 5 சதவீதத்தினருக்கு பேஜெட் இருந்தது. லங்காஷயர் பகுதி ஊர்களில் இன்னும் அதிகம். சுமார் 20 ஆண்டுகள் கழித்து அவற்றில் 10 ஊர்களில் மறுபடி பார்த்தபோது அது 2 சதவீதமாகக் குறைந்திருந்தது. ஏன் குறைந்தது என்பதற்கு இன்றும் உறுதியான பதில் இல்லை.

இந்தியாவில் கிடைக்கும் தகவல்களோ பெரும்பாலும் வேலூர் சிஎம்சி போன்ற பெரிய மருத்துவமனைகள் தங்களிடம் வந்த நோயாளிகளைப் பற்றி எழுதியவை. ஆசியாவில் இந்த நோய் குறைவு என்பது உண்மைதான். ஆனால் தேடிப்போய் எண்ணியதையும் தேடிவந்தவர்களை எண்ணியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

அரிது என்பதால் இன்னொரு சிக்கல் வருகிறது. ஒரு முதியவரின் இடுப்பெலும்பு எக்ஸ்ரேயில் வெள்ளையாக அடர்ந்து தெரிந்து, எலும்பு ஸ்கேனிலும் அந்த இடம் பளிச்சிட்டால், புரோஸ்டேட் புற்றுநோய் பரவியிருக்குமோ என்ற சந்தேகம்தான் முதலில் வரும். அதை விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் பேஜெட்டும் அப்படியே தெரியும். எலும்பே பருத்திருக்கிறதா என்று எக்ஸ்ரேயை நிதானமாகப் பார்ப்பதும், பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் பயாப்ஸியும் வித்தியாசத்தைக் காட்டும். பேஜெட் வந்த எலும்பிலேயே புற்றுநோய் உருவாவதும் உண்டு. ஆனால் அது 1 சதவீதத்துக்கும் குறைவு. அடங்கியிருந்த வலி திடீரெனக் கூடினால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

சிகிச்சை என்ன?

ஜோலட்ரானிக் அமிலம், 5 மில்லிகிராம், ஒரே ஒரு டிரிப். 2005-ல் வெளியான ஆய்வில் இதைப் பெற்றவர்களில் 96 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்தில் பலன் தெரிந்தது. ஒப்பிடப்பட்ட ரைசிட்ரோனேட் மாத்திரையில் 74 சதவீதம். பலன் என்று அவர்கள் அளந்தது ஏ.எல்.பி. இறங்குவதை. ரிப்போர்ட்டில் எண் அழகாவது மட்டுமே நோக்கமாக இருக்கக் கூடாது, வலிக்காகத்தான் மருந்து என்பதே இப்போதைய வழிகாட்டுதல்களின் சாரம். அறிகுறியே இல்லாத எல்லோருக்கும் ஊசி தேவையில்லை.

மருந்தால் வலி குறையலாம். வளைந்த கால் நிமிராது, போன செவித்திறனும் பொதுவாகத் திரும்பாது. டிரிப் போடும் முன் வைட்டமின் டி, கால்சியம், கிரியேட்டினின் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். வைட்டமின் டி குறைவாக இருக்கும்போதே போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். சிறுநீரகம் மிகவும் பலவீனமானவர்களுக்கு இந்த மருந்து கூடாது. பல் பிடுங்கும் வேலை பாக்கி இருந்தால் அதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். போட்ட மறுநாள் காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தணிந்துவிடும்.